கையெழுத்து வைக்கிற உரிமைக்கு ஒரு கையெழுத்து

கையெழுத்துச் சேர்க்கிற வேலையில் கை நோவதில்லை, வாய்தான் நோகும். "இது காசு கேட்கிற விசயம் இல்லை" என்று சொல்லி முடிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். நீங்களும் எப்போதாவது கிளிப்போர்ட்டோடு ஒரு கடை வாசலில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்: உங்களைக் கண்டதும் எதிரே வருகிற மனிதர்களுக்குத் திடீரென்று ரெலிபோன் வரும். வராத ரெலிபோனோடு சிரித்துச் சிரித்துக் கதைத்தபடி உங்களைக் கடந்து போவார்கள். மனம் நோகக்கூடாது. இப்போது நானும் அப்படித்தான் போகிறேன்.

படிப்பு முடிந்து, நான் அனுப்பிய விண்ணப்பங்களுக்கெல்லாம் "துரதிர்ஷ்டவசமாக" என்று தொடங்கும் பதில்கள் வந்துகொண்டிருந்த ஒரு கோடையில்தான் இந்த வேலை கிடைத்தது. தந்தவர் மெற்றில்டா அன்ரி. மன்னார்க்காரி. ஞாயிறு பூசையில் பாடுகிறவர். கிழக்கு லண்டனில் எங்கள் மாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். அவர் வீட்டுக்கு முன்னால் ஒரு பெரிய றோட். றோட்டுக்கு அந்தப் பக்கம் டொக்டரும் தேவாலயமும், இந்தப் பக்கம் அன்ரியும் அவருடைய கணவர் யோசேப்பு அங்கிளும். நடுவில் ஆட்கள் நடந்து கடக்கக் கோடு போட்ட கடவை கிடையாது. போன மாரியில் ஒரு வான் அங்கிளைத் தட்டிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அவர் பொல்லை ஊன்றித்தான் நடக்கிறார். கடவை வேண்டும் என்று அன்ரி கவுன்சிலுக்கு எழுதினார். "கவனத்தில் எடுத்துள்ளோம்" என்று பதில் வந்தது.

எங்கள் கவுன்சிலில் ஒரு விதி உண்டு. குடியிருப்பவர்களில் இவ்வளவு பேர் கையெழுத்து வைத்துக் கேட்டால், அந்த விசயத்தை முழுக்கூட்டத்தில் எடுத்துப் பேசியே ஆகவேண்டும். "கவனத்தில் எடுத்துள்ளோம்" என்று தப்ப முடியாது. அன்ரி அதை நம்பித்தான் கடவைக்குக் கையெழுத்து வாங்கத் தொடங்கப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஓர் அறிவித்தல் வந்தது. "இவ்வளவு பேர்" என்பதை நாலு மடங்கு ஆக்கப் போகிறார்களாம். அதைத் தடுப்பதற்கும் ஒரே வழிதான் இருந்தது. விதி மாறுவதற்கு முதல், விதியை மாற்றாதே என்று கேட்டு, அந்த விதிப்படியே கையெழுத்துச் சேர்ப்பது. கடவை அதற்குப் பிறகு. நான் விளங்காமல் முழித்ததைப் பார்த்து அன்ரி சொன்னார்: "நாலு மடங்கு எண்டால் தம்பி, எங்கட றோட்டில செத்தவையையும் எழுப்பிக்கொண்டு வந்தால்தான் காணும்."

உருகிய மீன்

முதல் நாள் தமிழ்க் கடை வாசலில் நின்றேன். எனக்குச் சத்தமாகக் கதைக்க வராது. என்னுடைய "எக்ஸ்கியூஸ் மீ"யை பஸ் சத்தம் விழுங்கிவிடும். அதோடு, வீட்டில் பெரியவர்கள் வாயால் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவன். எதையும் தொடக்கத்திலிருந்து சொல்லாவிட்டால் எனக்குச் சொன்ன மாதிரியே இருக்காது. கடைசியில் ஓர் அக்கா நின்றார். ஒரு கையில் மரவள்ளிக் கிழங்கு, மற்றக் கையில் ஐஸ் மீன் பெட்டி. நான் வானில் தொடங்கி, அங்கிளின் கால், அன்ரியின் கடிதம், கவுன்சிலின் பதில் என்று ஒழுங்காக வந்து சேர்வதற்குள் மீன் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கிவிட்டது.

"அப்ப இதில வைச்சால் கடவை வருமோ?"

"இல்லை அக்கா. இதில வைச்சால், கடவை கேட்டுக் கையெழுத்து வைக்கிற விதி மாறாமல் இருக்கும்."

"அந்த விதி இப்ப இல்லையோ?"

"இருக்குது."

"இருக்கிறதைக் கேட்டோ கையெழுத்து?"

"ஓம் அக்கா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மீன் பெட்டியை என் கையில் தந்துவிட்டு, பெயர், விலாசம், கையெழுத்து எல்லாம் முத்து முத்தாக எழுதினார். பெட்டியைத் திரும்ப வாங்கும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பிக்கு வீட்டில நேரத்துக்குச் சாப்பாடு தருகினம்தானே?"

ஊர் நலன்விரும்பி

என்னைக் கொஞ்ச நேரம் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்த கடைக்கார அண்ணை வெளியே வந்தார். "என்ன பெட்டிசமோ?" என்றார். எங்கள் ஆட்களுக்குப் பெட்டிசம் என்றால் ஒரே ஒரு சாமான்தான். பக்கத்து வீட்டுக்காரன் மதிலைத் தள்ளிக் கட்டிவிட்டான் என்று, பெயர் போடாமல் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துக்கு எழுதுவது. அண்ணையின் கண் நடைபாதையில் அடுக்கியிருந்த மாம்பழப் பெட்டிகளுக்குப் போய்த் திரும்பியது. என்னை உள்ளே கூட்டிக்கொண்டுபோய் ஒரு குளிர்பானம் உடைத்துத் தந்தார்.

"உண்மையைச் சொல்லும். ஆருக்கு எதிரா?"

ஒருவருக்கும் எதிராக இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவர் முதலில் ஆறுதலடைந்தார். பிறகு மெல்ல மெல்ல முகம் வாடிப்போனார். பக்கத்துக் கோழிப்பொரியல் கடையின் குப்பைத்தொட்டி பற்றி ஒரு வரியாவது சேர்க்க ஏலாதா என்று கேட்டார். ஏலாது என்றேன். சரி, பரவாயில்லை என்று பேனையை வாங்கி எழுதினார். பார்த்தால், பெயர் இருக்கவேண்டிய இடத்தில் "ஊர் நலன்விரும்பி" என்று இருந்தது. அண்ணை, சொந்தப் பெயர் போட வேண்டும் என்று கெஞ்சினேன். அவர் தொழில் தெரியாத சின்னப் பொடியனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்: "பெயரைப் போட்டால் பிறகு அது பெட்டிசமே இல்லை, தம்பி."

வீட்டுக்காரர்

பின்னேரம் ஆனதும் நிரம்பிய தாள்களை அன்ரி வீட்டில் கொடுக்க வேண்டும். யோசேப்பு அங்கிள் யன்னலோரத்தில் இருந்து றோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாகனங்களைப் பிழை பிடிப்பது அவர் பொழுதுபோக்கு. "உவன் சிக்னல் போடாமல் திரும்புறான், பாரும்" என்பார். ஒருநாள் அன்ரி குசினிக்குள் சமைத்துக்கொண்டு நிற்கும்போது, இவருடைய கையெழுத்தை இன்னும் வாங்கவில்லையே என்று கிளிப்போர்ட்டை நீட்டினேன். அவர் அதைக் குப்புறக் கவிழ்த்து மடியில் வைத்தார்.

"அவரிட்ட நீட்டாதையும்" என்று உள்ளேயிருந்து அன்ரியின் குரல் வந்தது. "முழங்கால் ஒப்பரேசன் கடுதாசியில கையெழுத்து வைக்கப் பண்ணவே நான்தான் மாரடிச்சனான். அந்த டொக்டர் கத்தியோட நிக்கிறான், இவர் எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டச் சொல்லிக்கொண்டு கிடக்கிறார்."

அங்கிள் கோபிக்கவில்லை. தேநீரை ஊதிக் குடித்தபடி சொன்னார். இளம் வயதில் கொழும்பில் பொலிஸ்காரர் பிடித்துக்கொண்டு போனார்களாம். ஒரு கடுதாசி தந்தார்களாம், முழுக்கச் சிங்களத்தில். இதில் ஒரு கையெழுத்து, பிறகு நீ வீட்டுக்குப் போகலாம் என்றார்களாம். வைத்தாராம். வீட்டுக்குப் போகச் சில வருசம் ஆனதாம். அந்தக் கடுதாசியில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். அது வழக்கு நடந்தபோதுதான் தனக்கும் தெரியவந்தது என்றார். இது அந்த மாதிரிக் கடுதாசி இல்லை அங்கிள் என்று முணுமுணுத்தேன். கிளிப்போர்ட்டை நிமிர்த்தி என்னிடம் திரும்பத் தந்தார்: "நீர் நல்ல பிள்ளை. கடுதாசியும் நல்லதாத்தான் இருக்கும். அண்டைக்கு அவனும் சிரிச்சுக்கொண்டுதான் பேனையைத் தந்தவன்."

சுவிஸ் மாமா

அம்மாவின் தம்பி சுவிஸில் இருக்கிறார், அந்த நாட்டுப் பிரஜை. ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில் என் வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டு அரை நிமிடம் சிரித்தார். "பேசச் சொல்லிக் கேக்கவோ கையெழுத்து? இஞ்ச நாங்கள் சேர்த்துக் குடுத்தால் நாடு முழுக்க வாக்கெடுப்பு வைக்க வேணும், மருமோன். வெண்டால் அரசியல் சட்டத்திலயே ஏறும். ஒருக்கா மாட்டுக் கொம்புக்கும் வைச்சவங்கள்."

மாட்டுக் கொம்புக்கு என்ன வாக்கெடுப்பு என்று கேட்டேன். கொம்பை வெட்டாமல் மாடு வளர்க்கிறவர்களுக்கு அரசாங்கம் உதவ வேண்டுமா வேண்டாமா என்று. மாமா எந்தப் பக்கம்? அது மாமிக்குத்தான் தெரியுமாம். தபாலில் வருகிற விளக்கப் புத்தகத்தை மாமி வாசிப்பாவாம், இவர் கீறுகிற இடத்தில் கீறித் தபால்பெட்டியில் போடுவாராம். அந்தப் புத்தகத்தை வாசித்தால் ஓம் என்று போட்டால் ஓமா, இல்லை என்று போட்டால் ஓமா என்று தலை சுற்றுமாம். எனக்கு அவ்வளவு நேரமும் இருந்த பொறாமை கொஞ்சம் குறைந்தது. அங்கே கையெழுத்துத் தொகையைக் கூட்டப் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கூட்டுவதற்கும் எங்களிடம்தானே கேட்க வேண்டும் என்றார், அதில் என்ன அதிசயம் என்பதுபோல. மாமாவுக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும்: "உங்களிட்ட ராசா இருக்கிறார், மருமோன். எங்களிட்டத் தபால்பெட்டி இருக்குது. அவ்வளவுதான் வித்தியாசம்."

குடும்பத்துக்கே ஒரு பேனை

கதவு தட்டிப் போகிற நாட்களில் ஒரு வீட்டில் ஐயா ஒருவர் என்னை உள்ளே இருத்தி, கதையை முழுக்கக் கேட்டு, தலையாட்டி, பேனையை எடுத்தார். தன் பெயர், மனைவி பெயர், மாமியார் பெயர், மகன், மகள் என்று ஒரே மூச்சில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே வேறு வேறு மாதிரிக் கையெழுத்தும் வைத்தார். மாமியாருக்குக் கை நடுங்குவதுபோலக்கூட வைத்தார். அவரவர்தான் வைக்க வேண்டும் ஐயா என்றேன். "வீட்டுக்குத் தலைவன் நான் இருக்கிறன், பிறகென்ன?" என்றார். மகனுடைய பள்ளிக்கூடத் தாள்களுக்கும் மனைவியின் பார்சல்களுக்கும் தானே வைப்பதாகவும், ஒருவரும் ஒருநாளும் குறை சொன்னதில்லை என்றும் சொன்னார்.

அந்த நேரம் படியிறங்கி வந்த மகள் எட்டிப் பார்த்தாள். பல்கலைக்கழகம் போகிற பிள்ளை. "அப்பா! என்னப்பா இது? இது ஃபிரோட்!" என்றாள். "ஃபிரோட்டோ? உனக்குப் பெயர் வைச்சதே நான்தான்!" என்றார் ஐயா. தகப்பனும் மகளும் ஆளுக்கொரு மொழியில் சண்டை பிடித்தார்கள். நான் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். கடைசியில் அவள் தாளைப் பிடுங்கி, ரெலிபோனில் கவுன்சிலின் அறிவித்தலைத் தேடி, இரண்டையும் நின்றபடியே வாசித்து முடித்தாள். அதுவரை தாளில் என்ன இருக்கிறது என்று முழுக்க வாசித்த ஒரே ஆள் அவள்தான். பிறகு என்னிடம் தாளை நீட்டினாள்: "என்ர பெயரை வெட்டுங்கோ அண்ணா. வெட்டிப்போட்டுத் தாங்கோ, நான் வைக்கிறன்."

எதிராளியின் தேநீர்

ஒரு தெருவின் கோடி வீட்டில் வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் கதவைத் திறந்தார். கம்பளிச் சட்டை, காலில் வீட்டுச் செருப்பு. நான் என் கதையை ஆங்கிலத்தில் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார், தேநீர் தந்தார், பிஸ்கட் தந்தார். வான் அங்கிளைத் தட்டிய இடம் வந்தபோது "ஐயோ, ஐயோ" என்றார். எல்லாம் கேட்டு முடிந்த பிறகுதான், அந்தத் தொகையை நாலு மடங்காக்கும் யோசனைக்கு ஆதரவாகப் பேசப்போகிற கவுன்சிலர் தான்தான் என்று சொன்னார். பிஸ்கட்டை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அவரிடமும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்குக் கரைச்சல். தோட்டத்துக்கு நரி வந்தால் ஒரு மனுவாம், நரி வராவிட்டால் ஒரு மனுவாம். போன வருசம் ஒரு தெருவின் சண்டைக்காகவே ஒரு கூட்டம் முழுதும் போய்விட்டதாம், வயோதிபர் பராமரிப்பைப் பற்றிப் பேச நேரமே மிஞ்சவில்லையாம். நான் எழும்பி நன்றி சொல்லிக் கிளிப்போர்ட்டை எடுத்தேன். பொறு என்று கையைக் காட்டினார். கண்ணாடியைப் போட்டு, தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் வைத்தார். நான் விளங்காமல் அவரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தேன். கதவு வரை வந்து வழியனுப்பினார்: "உங்கள் மனுவைத் தோற்கடிக்க நான் கட்டாயம் வருவேன். ஆனால் தோற்கடிப்பதற்கு அது முதலில் கூட்டத்துக்கு வந்துசேர வேண்டுமே!"

கோயில் மேசை

நாள் நெருங்கியது, கையெழுத்தோ இன்னும் தொகைக்குக் காணாது. "தேவாலயத்தில எல்லாரிட்டையும் வாங்கியாச்சு. உங்கட கோயில்ல வெள்ளிக்கிழமை சனம் வரும்தானே?" என்றார் அன்ரி. குருக்களிடம் கேட்டேன். வாசலில் அர்ச்சனை ரிக்கற் கொடுக்கிற மேசைக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு மேசை தந்தார். நல்ல இடம். உள்ளே போகிற ஒவ்வொருவரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். கொஞ்ச நேரத்தில் பொங்கல் அண்டா தூக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். தாள்களையும் பேனைகளையும் மேசையில் விட்டுவிட்டுப் போனேன். அண்டா, பிறகு வாழையிலை, பிறகு இன்னொரு அண்டா. திரும்பி வந்து பார்த்தால் தாள்கள் எல்லாம் நிரம்பி வழிகின்றன! கிளிப்பில் ஒரு வில்வ இலைகூடச் செருகியிருந்தது. நான் கதை சொல்லாவிட்டால்தான் சனம் கையெழுத்து வைக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். தாள்களைக் கண்ணில் ஒற்றி, பையில் வைத்து, நேரே அன்ரி வீட்டுக்குப் போனேன்.

குசினி மேசையில் விரித்தோம். பெயர்கள் எல்லாம் சரி. விலாசம் என்று இருந்த இடத்தில் ரோகிணி, உத்தரட்டாதி, மிருகசீரிடம் என்று இருந்தது. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் பிள்ளைகளின் பெயர்கள். ஒருவர் விவரமாக "கும்ப ராசி, சனி மாற்றம்" என்றும் எழுதியிருந்தார். அர்ச்சனை மேசைக்குப் பக்கத்தில் தாளும் பேனையும் இருந்தால் எங்கள் சனம் வேறு என்னத்தை எழுதும்? இந்தத் தாள் ஒன்றையும் கவுன்சில் எடுக்காது. அடுத்த வெள்ளிதான் கடைசி வெள்ளி. அன்ரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அழப்போகிறார் என்று பயந்தேன். யன்னலோரத்து அங்கிளைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்: "தம்பி, இவை எல்லாரும் வானத்திலயோ குடியிருக்கினம்?"

பொங்கலுக்கு முன்னமோ, பின்னமோ

அடுத்த வெள்ளி அன்ரியும் வந்தார். கழுத்துச் சிலுவையைச் சேலைக்குள் விடட்டா என்று வாசலில் கேட்டார். அதெல்லாம் தேவையில்லை என்றார் குருக்கள். பூசை முடிந்ததும் மைக்கில் அறிவித்தார்: போன வெள்ளி வெளிமேசையில் பெயர், நட்சத்திரம் கொடுத்தவர்கள் தயவுசெய்து வந்து விலாசமும் கொடுக்கவும். உடனே ஒரு கலவரம். "அப்ப எங்கட அர்ச்சனை நடக்கேல்லையோ?" என்று சனம் மேசையைச் சூழ்ந்தது. மகனின் பள்ளிக்கூடச் சோதனைக்காகப் பெயர் கொடுத்த ஓர் அம்மா, கவுன்சில் கூட்டத்தில் மகனின் பெயரைச் சத்தமாக வாசிப்பார்களா என்று கேட்டார். வாசிக்க மாட்டார்கள் என்றேன். "மனசுக்குள்ளையாவது?" என்றார். அதற்கு நான் எப்படி உறுதி சொல்வேன்?

இதற்குள் அன்ரிக்கு ஒரு மனச்சாட்சிப் பிரச்சினை. மேசை பொங்கல் வரிசைக்கு முன்னால் இருந்தால், சோற்றைக் காட்டிக் கையெழுத்து வாங்கினதாகிவிடுமாம். தூக்கிப் பின்னால் வை என்றார். வைத்தேன். வந்தவர்கள் எல்லாருடைய கையிலும் சர்க்கரைப் பொங்கல். தாள் முழுக்க நெய் விரல்கள். ஆனாலும் கையெழுத்துகளும் விலாசங்களும் விழுந்தன, றோட்டுப் பெயர்கள், வீட்டு இலக்கங்கள், எல்லாம் பூமியில் உள்ளவை. ஒவ்வொருவருக்கும் அன்ரி கடவைக் கதையை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார். "என்ர மனுசன் றோட்டைக் கடக்க வேணும்" என்பதுதான் முழுக்கதையும். குருக்களே வந்து கடைசித் தாளில் கையெழுத்து வைத்தபோது தொகை காணும் என்றாகிவிட்டது. மூட்டை கட்டுகிற நேரம் ஒரு பெரியவர் ஓடிவந்து பேனையைப் பிடித்தார். விலாசம் லண்டனின் மறு கோடியில், ரெய்னர்ஸ் லேன். இது எங்கள் கவுன்சிலுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தான் ஐயா என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது: "ரெய்னர்ஸ் லேனில இருந்து வந்து உங்கட சுவாமியைக் கும்பிடலாம், உங்கட கவுன்சிலைக் கேள்வி கேக்க மட்டும் ஏலாதோ?"

கூட்டம்

தாள்களை வாங்கிய கவுன்சில் அலுவலர் ஒன்றை முகர்ந்து பார்த்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணிச் சரிபார்த்து, கூட்டத்தில் எடுப்பதாக அறிவித்தார்கள். மனுக் கொடுத்தவருக்குப் பேச மூன்று நிமிடம். அன்ரி இரண்டு வாரமாகக் கண்ணாடிக்கு முன்னால் பழகிய பேச்சு ஒன்று இருந்தது. சனநாயகம், மக்களின் குரல் எல்லாம் அதில் வந்தது. மண்டபத்தில் எழும்பி நின்றதும் எல்லாம் மறந்துபோனது. பிறகு தன் ஆங்கிலத்தில் சொன்னார், எங்கள் தெருவில் நாலு மடங்கு ஆட்கள் இல்லை, ஆனால் வான் எங்கள் தெருவால்தான் போகிறது என்று. அதோடு கதிரையில் இருந்துவிட்டார்.

கம்பளிச் சட்டைப் பெரியவர் சொன்ன சொல் தவறாமல் எழும்பி எதிர்த்துப் பேசினார், நன்றாகவே பேசினார். பிறகு ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார். அந்தத் திருத்தத்துக்கு இன்னொருவர் திருத்தம் கொண்டுவந்தார். கைகள் உயர்ந்தன, இறங்கின, திரும்ப உயர்ந்தன. "வெண்டமோ, தோத்தமோ?" என்று அன்ரி என் காதுக்குள் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. முன் வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி விளக்கினார். பழைய தொகையே இருக்குமாம், ஆனால் ஒரு வருசத்துக்குத்தானாம், அதற்குப் பிறகு மறுபடி யோசிப்பார்களாம். அன்ரி கைதட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். தலைமை தாங்கியவர் எங்களைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்: "இந்த முடிவில் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால், வழமைபோல மனுக் கொடுக்கலாம்."

முதல் பெயர்

அடுத்த நாளே அன்ரி புதுத் தாளை எடுத்தார். இந்த முறை கடவைக்கு. எனக்குச் சங்கத்தில் வேலை முடிந்துவிட்டது, சும்மா தேநீர் குடிக்கத்தான் போயிருந்தேன். யன்னலோரத்திலிருந்து அங்கிள் கேட்டார், உது என்ன என்று. கடவைக்கு என்றேன். "வாசிச்சுக் காட்டும். தமிழில, எல்லாத்தையும்" என்றார். அடியில் எறும்பு மாதிரி இருந்த எழுத்துகள் வரை தமிழாக்கி வாசித்தேன். இந்தத் தாள் யாரிடம் போகும், யார் வைத்திருப்பார்கள், பிறகு வந்து கேள்வி கேட்பார்களா, நான் வைக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டார். ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்றேன். "ஒண்டுமோ?" என்றார். ஒண்டும் இல்லை என்றார் அன்ரி, குசினி வாசலில் கரண்டியோடு நின்றபடி.

பிறகு, இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மூவரும் கீழே இறங்கி றோட்டோரம் போனோம். வாகனங்கள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. இஞ்சயோ கோடு போடுவினம் என்று பொல்லால் காட்டினார். போடுவார்களோ தெரியாது அங்கிள், பேசுவார்கள் என்றேன். "பேசுறதுக்கு மட்டுமோ இவ்வளவு பாடு?" ஓம் என்றேன், எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் பொல்லை என்னிடம் தந்தார், பேனையை வாங்கினார், தாளை மதிலில் வைத்து, தெளிவாக, எழுத்துக் கூட்டி, முதல் வரியில் தன் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தார். அன்ரி எங்களைப் பார்க்காமல், வராத ஒரு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் விளங்கினதா அங்கிள் என்று கேட்டேன். பேனையை மூடி என் சட்டைப் பையில் செருகினார்: "முழுக்க விளங்கேல்லை, தம்பி. ஆனா இதில விளங்கேல்லை எண்டு சொல்லிப்போட்டு வீட்டை போகலாம் எண்டது விளங்கினது, அதாலதான் வைச்சனான்."

ஒரு கோடை முழுக்க இந்த வேலையில் தேய்ந்த பிறகு எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு விதியைக் காப்பாற்றுகிறவருக்கு அந்த விதி விளங்கியிருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.